வடக்கே பார்க்க ஒருவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் நாகையாவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் தம் வீட்டு வாசலில் அவரைக் காண விரும்பியவரும் இல்லை. அவர்மேல் யாருக்கும் வெறுப்புக் கிடையாது. அவர் அவ்வட்டாரத்து மரண சகாய சங்கத்தின் செயலாளர், அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் இடுக்கிய கறுப்புக் குடையுமாக அவர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அத்தெருவில் யாருக்கோ காலம் முடிந்துவிட்டது என்று பொருள். வெறுமனே தபால் நிலையத்துக்குப் போகிற நாளிலும் பெண்கள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, அவர் எந்த வீட்டுப் படியில் கால் வைக்கிறார் என்று கவனிப்பார்கள். அவர் நிற்காமல் கடந்த பிறகுதான் அடுப்பில் வைத்த பால் அவர்கள் நினைவுக்கு வரும். இதனால் நாகையா தம் சொந்த வேலைகளுக்கெல்லாம் பின்சந்து வழியாகவே போய்வரப் பழகியிருந்தார்.

பிழைப்புக்கு அவர் செந்தூல் ரயில்வே பட்டறையின் பண்டகசாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். திருகாணிகள் ஒரு தட்டில், மறைகள் ஒரு தட்டில், ஆணிகள் ஒரு தட்டில் என்று அங்கே அவர் கட்டிக் காத்த ஒழுங்கையே சாவு வீட்டுக்கும் கொண்டுபோனார். பந்தல் கயிறு எங்கே, பெட்டி எப்போது வரும், சடங்கு செய்யும் பண்டாரத்துக்கு யார் சொல்வது, வேனில் யார் யார் ஏறுவது என்று அழுகிற வீட்டார் எதையும் யோசிக்கும்படி விடலாகாது என்பது அவருடைய கொள்கை. ‘அழ வேண்டியவர் அழட்டும்; மற்றது என் பொறுப்பு’ என்பார். அவரைக் கண்டு கதவைச் சாத்திய வீடுகளே, சாவு வந்த வேளையில் முதலில் அவருக்குத்தான் ஆள் அனுப்பின.

அஸ்தி கரைக்கும் வேளையில் ஆற்றில் இறங்கப்போகும் மகனுக்கு அவர் சில அறிவுரைகள் சொல்வதுண்டு. எத்தனையோ மகன்களுக்கு ஒரே சொற்களில் சொல்லிச் சொல்லி அவை மந்திரம்போல ஆகிவிட்டன. தெற்கு நோக்கி நிற்க வேண்டும். மும்முறை மூழ்க வேண்டும். கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்புறம் விட வேண்டும். தண்ணீரில் கால் வைத்தது முதல், கரையேறி வேப்பிலையைத் தொடும்வரை திரும்பிப் பார்க்கவே கூடாது. இந்தக் கடைசி அறிவுரையை மட்டும் அவர் விரலை உயர்த்திக்கொண்டு சொல்வார்: கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும், எப்படிக் கூப்பிட்டாலும், திரும்பவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது. போனவர் மகனுடைய முகத்தைத் தேடுவார் என்பது நம்பிக்கை. அவரை வழியனுப்பும்போது முகத்தைக் காட்டித் தடுத்துவிடக் கூடாது.

அந்த அறிவுரையை நாகையா மாற்றிக்கொண்டது எழுபத்தொன்பதாம் ஆண்டு நவம்பரில். முத்துவேலுவின் அஸ்தியைக் கரைத்த காடாற்றன்று.

முத்துவேலு ரயில் பாதையில் தடம் மாற்றும் வேலை பார்த்தவர். நூறு வீட்டுக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். மனைவி மாரியாயி ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மாவரைத்துக் கொடுத்துவந்தாள். ஒரே மகன் ஜெயராஜ், இருபத்தாறு வயது, லோரிக் கம்பெனி ஒன்றில் வேலை. முத்துவேலு நோயுற்று மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில், மாரியாயி நாள்தோறும் நண்பகலில் அடுக்குச் சட்டியில் சோறு கொண்டுபோனாள். அவர் ஒருநாளும் அதைத் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சட்டி கொண்டுபோன கனத்துடனே வீடு திரும்பும். சாவு வீட்டில் அவள் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்: அவர் சாப்பிடாமல் போய்விட்டார். என்மேல் என்ன கோபமோ, சாப்பிடாமலே போய்விட்டார்.

காடாற்றன்று ஆற்றுக்குத் தானும் வருவதாக அவள் சொன்னாள். பெண்கள் ஆற்றங்கரைக்கு வரும் வழக்கம் சங்கத்தில் இல்லை. அவளுடைய முகத்தைப் பார்த்த நாகையாவுக்கு மறுக்க மனம் வரவில்லை. வேனில் ஓர் இருக்கையை ஒதுக்கிக் கொடுத்தார்.

காலை ஒன்பதுக்குள் புறப்பட்டிருக்க வேண்டும். அப்படித்தான் அவர் எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தார். ஆனால் மாரியாயியின் தம்பி பாலன் காப்பாரிலிருந்து வர வேண்டியிருந்தது. தாய்மாமன் இல்லாமல் மருமகன் கலயத்தைத் தூக்குவது முறையாகாது. பாலனோ வழியில் மோட்டார்சைக்கிளின் சங்கிலி அறுந்து, அதைத் தள்ளிக்கொண்டு பட்டறை தேடி அலைந்து, கையெல்லாம் கறுப்பு எண்ணெயுடன் வந்து சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார். காடாற்றை மறுநாளுக்குத் தள்ளுகிற பேச்சே கிடையாது என்று நாகையா சொல்லிவிட்டார். வானமும் அவர் பக்கம்தான் இருந்தது. மழைக்காலமாயிருந்தும் அன்று ஒரு மேகம்கூட இல்லாமல் நீலமாக விரிந்து கிடந்தது.

சங்கத்தின் பழைய வேனில் நாகையா, மாரியாயி, ஜெயராஜ், பாலன், பண்டாரம் தம்புசாமி ஆகிய ஐவரும் கிளம்பினார்கள். பாலனே ஓட்டினான். பட்டணத்தில் ஓடும் கிள்ளான் ஆறு குப்பையும் எண்ணெயுமாகக் கலங்கிக் கிடந்ததால், சங்கத்தார் செராஸைத் தாண்டி உலு லங்காட் சாலையில் ஓரிடத்துக்குப் போவது வழக்கம். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு அங்கே தெளிந்து ஓடும், மணலும் உண்டு.

வேனில் பாலன் தன் தாமதத்தை மறக்கடிக்கப் பேசிக்கொண்டே வந்தான். நாகையாவின் குடை அவன் கண்ணில் பட்டது.

“ஏண்ணே, பொறக்கும்போதே இதோடதான் பொறந்தீங்களா? வானத்தப் பாருங்கலா. சொட்டுத் தண்ணி வராது.”

“மழைக்கு மட்டுந்தான் குடைன்னு யாரு சொன்னா? நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார் நாகையா.

ஆற்றுக்குத் திரும்பும் முனையில் பாலத்தை ஒட்டி ஒரு மலாய்ப் பெரியவர் வாழைப்பழம் பொரித்து விற்கும் கடை இருந்தது. வேன் கடந்தபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை உயர்த்தி மலைப்பக்கமாக இரண்டு முறை அசைத்தார். வேனின் நெற்றியில் சங்கத்தின் பெயரும் கறுப்புத் துணியும் இருந்தன. இறந்தவருக்கு மரியாதை செய்கிறார் என்று எண்ணிய நாகையா உள்ளம் நெகிழ்ந்து, இரு கைகளையும் கூப்பி அவரை வணங்கினார். வேன் நிற்காமல் போயிற்று.

அந்த இடத்தில் ஆறு வடக்கிலிருந்து தெற்காக நேரே ஓடியது. கரைக்கும் நடு ஆற்றுக்கும் இடையில் முதுகு காட்டிப் படுத்த எருமைபோல நீண்ட மணல் திட்டு ஒன்று. கரையிலிருந்து திட்டுக்குப் போகக் கணுக்காலளவே நீர் ஓடும் சிறு வாய்க்காலைக் கடந்தால் போதும். திட்டுக்கு அப்பால்தான் உண்மையான ஓட்டம். அதுவும் இடுப்புக்கு மேல் வராது. வெயில் மணலில் பளபளத்தது. தண்ணீருக்கு அடியில் கிடந்த கூழாங்கற்களின் நிறம்கூடத் தெரிந்தது.

நாகையா முதலில் எல்லாருடைய சிலிப்பர்களையும் வாங்கி, கரையின் புல்லோரத்தில் வரிசையாக அடுக்கினார். அவருடைய வழக்கம் அது. சாவுக்கு வந்தவர்கள் திரும்பும்போது சிலிப்பரைத் தேடி முகம் சுளிக்கக் கூடாது. பண்டாரம் வாய்க்காலின் ஓரத்து மணலில் தலைவாழை இலையை விரித்தார். சோறு, பொரித்த மீன், வாழைக்காய்ப் பொரியல், வெற்றிலை பாக்கு. மாரியாயி விடியலில் எழுந்து சமைத்தது அது. இலையின் நுனி தண்ணீரிலிருந்து ஒரு முழத்துக்கு மேலேயே இருந்தது.

மொட்டையடித்த தலையும் ஈர வேட்டியுமாக நின்ற ஜெயராஜின் கையில் கலயத்தைக் கொடுத்தார்கள். நாகையா விரலை உயர்த்தி வழக்கமான அறிவுரைகளைச் சொன்னார். ஜெயராஜ் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்தான், திட்டின்மேல் ஏறினான், அப்பால் இறங்கி, இடுப்பளவு நீரில் தெற்கு நோக்கி நின்றான். ஆறு வருவது வடக்கிலிருந்து; அவன் பார்ப்பது தெற்கே. கரையில் நின்ற நால்வரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் முதல்முறை மூழ்கி எழுந்தான். பண்டாரம் மணியை ஆட்டிப் பாடத் தொடங்கினார்.

இரண்டாம் முறை மூழ்கி எழுந்தபோது இலையின் நுனி மெல்ல அசைந்தது. காற்றில்லை. தண்ணீரின் ஒரு நாக்கு மணலில் ஏறி, இலைக்கு அடியில் நுழைந்து, அதைத் தூக்கியிருந்தது. சோறும் மீனும் வைத்தபடியே இலை ஒரு சாண் நகர்ந்தது. பிறகு இன்னொரு சாண். பண்டாரத்தின் மணி நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத் தொழிலில் இப்படித் தெளிவாக ஒரு குறியை அவர் கண்டதில்லை.

“பெரியவரு ஏத்துக்கிட்டாரும்மா. தானா வந்து எடுத்துக்கிட்டாரு, பாருங்க.”

மாரியாயி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வாரம் தொடப்படாத சோறு; இப்போது அவள் கண்ணெதிரே இலையோடு போகிறது. சாவு வீட்டில் வராத கண்ணீர் அப்போது வந்தது. “சாப்பிட்டாரு... சாப்பிட்டாருடா பாலா” என்று தம்பியின் தோளில் சாய்ந்தாள். பாலனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நாகையாவுக்கும் முதலில் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் பண்டகசாலைக்காரரின் கண், ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் உறுத்தத் தொடங்கிவிடும். இலை இருந்த இடத்தில் இப்போது மணலே இல்லை. வாய்க்காலின் நடுவே தலைகாட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் கல் ஒன்றையும் காணவில்லை. கூழாங்கற்கள் தெரிந்த தெளிந்த நீர், பால் ஊற்றிய தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த சருகுகள், சுள்ளிகள், சோப்பு நுரைபோன்ற நுரை எல்லாம் திரளாக வந்துகொண்டிருந்தன. அவர் தம் பின்னால் திரும்பிப் பார்த்தார். புல்லோரத்து வரிசையின் முனையிலிருந்த பாலனின் சிலிப்பர் ஒன்று, யாரும் தொடாமலே நகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கு நோக்கிப் புறப்பட்டது.

மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவர் மலைப்பக்கம் பார்த்தார். அங்கே மலையே இல்லை. அது இருந்த இடத்தில் கரிய திரை ஒன்று தரைவரை தொங்கியது. பொரித்த பழக் கடைப் பெரியவரின் கை எதைக் காட்டியது என்பது நாகையாவுக்கு அந்தக் கணத்தில் விளங்கிற்று.

இதைச் சொல்வது எளிதாக இல்லை. இறந்தவர் ஏற்றுக்கொண்டார் என்று ஒரு பெண் பல நாளுக்குப் பிறகு ஆறுதலாக அழுதுகொண்டிருக்கிறாள். அவளிடம் போய், வந்தது உன் கணவர் அல்லர், வெள்ளம் என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு மூச்சு தயங்கினார். அந்த ஒரு மூச்சுக்குள் வாய்க்காலில் நீர் முழங்காலளவு ஆகியிருந்தது.

“ஜெயராஜ், போதும். மேல வா” என்று கூப்பிட்டார்.

ஜெயராஜ் அசையவில்லை. காதில் விழுந்தது என்பது அவன் தோள் இறுகியதிலேயே தெரிந்தது. ஆனாலும் கலயத்தை இன்னும் இறுக அணைத்துக்கொண்டு தெற்கையே பார்த்தபடி நின்றான். யார் கூப்பிட்டாலும், எப்படிக் கூப்பிட்டாலும் என்று விரலை உயர்த்திச் சொன்னவரும் நாகையாதான். இப்போது கூப்பிடுபவரும் அவரேதான். சோதித்துப் பார்க்கிறார் என்றுகூட அவன் நினைத்திருக்கலாம்.

“கூப்பிடாதீங்கண்ணே. குத்தமாயிடும். இன்னும் ஒரு முழுக்குத்தான் பாக்கி” என்றான் பாலன்.

நாகையா அவன் முகத்தைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பினார். பாலன் பார்த்தான். மருமகனை இழுத்துவர வாய்க்காலில் பாயப் போனவனை நாகையா சட்டையைக் கொத்தாகப் பற்றி நிறுத்தினார்.

“நீ எறங்கினா ரெண்டு பேரத் தேடணும். நில்லு.”

பிறகு அவர் மாரியாயியிடம் திரும்பினார். மெல்லத்தான் பேசினார். “மாரியாயி, மேல மலையில பேய்மழ. அந்தத் தண்ணி இங்க வருது. நான் கூப்பிட்டா அவன் திரும்ப மாட்டான். நீ கூப்பிடு.”

அவள் இலை போன திசையைப் பார்த்தாள். இலை எங்கோ மறைந்துவிட்டது. மகனுடைய முதுகைப் பார்த்தாள். இடுப்பளவு நீர் அவன் விலாவுக்கு ஏறியிருந்தது. இரண்டில் ஒன்றுதான் அவளுக்குக் கிடைக்கும். இலையை எடுத்துக்கொண்டது கணவர் என்றால், மகன் அசையாமல் நிற்கத்தான் வேண்டும். மகனைக் கூப்பிட்டால், வந்தது வெறும் தண்ணீர்தான் என்று அவளே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சோறு கடைசிவரை தொடப்படாத சோறாகவே ஆகிவிடும். அவள் நெடுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயரைச் சொல்லி, குரல் உடையக் கூப்பிட்டாள்.

“ராசு, அப்பா போயிட்டாருடா. திரும்பி என்னயப் பாரு.”

ஜெயராஜ் திரும்பினான்.

திரும்பியவன் தாயைப் பார்ப்பதற்கு முன் ஆற்றைத்தான் பார்த்தான். வளைவுக்கு அப்பாலிருந்து லோரி மேடேறுவதுபோன்ற ஓர் உறுமல் கேட்டது. கலயத்தோடு திட்டின்மேல் ஏறினான். திட்டு பாதியாகக் குறுகியிருந்தது. வாய்க்காலோ தொடையளவு வேகமாக ஓடியது. கலயத்தை அணைத்துக்கொண்டே அதில் கால் வைத்தவன் தடுமாறி, திட்டை நோக்கியே பின்வாங்கினான்.

“கலயத்த விட்டுடு. ரெண்டு கையும் வேணும்” என்று நாகையா கத்தினார்.

அவன் கலயத்தை ஒருமுறை நெற்றியில் ஒற்றிக்கொண்டு நீரில் விட்டான். அது நிமிர்ந்தபடியே சற்றுத் தூரம் போய் மறைந்தது. நாகையா புல்மேல் குப்புறப் படுத்தார். பாலன் அவருடைய இரண்டு கால்களையும் பற்றிக்கொண்டான். பாலனின் இடுப்புத் துண்டைப் பண்டாரம் பிடித்துக்கொண்டார். நாகையா தம் கறுப்புக் குடையை நுனிப்பக்கமாகப் பற்றி, வளைந்த பிடியை நீரின்மேல் நீட்டினார். ஜெயராஜ் ஓட்டத்தை எதிர்க்காமல், அது தள்ளிய பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து நடந்தான். நடுவில் ஒருமுறை கால் வழுக்கித் தலைவரை நனைந்தான். மறுகணம் குடையின் வளைவில் ஒரு கை விழுந்தது. கம்பிகள் முறுக்கிக்கொண்டன; துணி கிழிந்தது; பிடி மட்டும் விடவில்லை.

கரையேறியவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடத்தான் எல்லாருக்கும் தோன்றியது. நாகையா உட்காரவிடவில்லை. சிலிப்பரும் வேண்டாம், செம்பும் வேண்டாம், மேலே நடங்கள் என்று அனைவரையும் சாலைவரை ஏற்றினார். அவர்கள் சாலையில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஆறு வந்தது. மாரியாயி சமைத்த படையல் இருந்த கரை, மணல் திட்டு, புல்லோரம் எல்லாவற்றின் மேலும் ஒரே பழுப்பாகப் புரண்டது. வேரோடு பிடுங்கப்பட்ட மரம் ஒன்று, ஜெயராஜ் தெற்கு நோக்கி நின்ற இடத்தின் வழியாக உருண்டுகொண்டு போயிற்று. மாரியாயி மகனுடைய மொட்டைத் தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து துடைத்தாள்.

முதலில் சிரித்தவர் பண்டாரம்தான். தம் வெறுங்கால்களையும் மற்றவர்களுடைய வெறுங்கால்களையும் பார்த்தார். மணி, செம்பு, தாம்பாளம், திருநீற்றுப் பை எல்லாம் போயிருந்தன. “அண்ணே, வரிசயா அடுக்கி வச்சீங்களே. வரிசயாவே போயிருக்கும்லா” என்றார். அடக்கிக்கொண்டிருந்த பயமெல்லாம் சிரிப்பாக வெளிவந்தது. பாலன் சிரித்துச் சிரித்து வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாவுக்கு வந்த இடத்தில் இப்படிச் சிரிக்கலாமா என்று நாகையா கேட்க நினைத்தார். ஆனால் அவரும்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாரியாயிக்கு ஒரு கவலை மிச்சமிருந்தது. மூன்றாவது முழுக்கு முடியவில்லை. மகன் திரும்பிப் பார்த்துவிட்டான். இது குற்றமாகுமா என்று பண்டாரத்திடம் கேட்டாள். தம்புசாமி ஆற்றைப் பார்த்தார். சாத்திரம் எதுவும் அவர் நினைவுக்கு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“கரையேற வழுக்குனானே, தலவரைக்கும் நனஞ்சிச்சுல்ல? அது மூணாவது முழுக்கு. அப்புறம் ஆத்தா கூப்பிட்டுத் திரும்புனதுக்கெல்லாம் மேல கணக்கு வைக்க மாட்டாங்கம்மா.”

அவள் தலையாட்டினாள். இலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, யாரிடமும் இல்லாமல், “அவருக்குப் பசியில்ல. அவ்வளவுதான்” என்றாள். அந்த ஒரு வாரத்தில் அவள் குரல் அவ்வளவு இலேசாக ஒலித்ததை நாகையா கேட்டதில்லை.

பாலத்தருகே பெரியவர் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்த வேனுக்குள் தலையை விட்டு ஆட்களைப் பார்த்து, எல்லாரும் இருப்பது தெரிந்த பிறகு மார்பில் கை வைத்துக்கொண்டார். ஐவரையும் இறக்கி உட்காரவைத்துச் சூடாகத் தேநீரும் பொரித்த பழமும் கொடுத்தார். இந்த ஆற்றுக்குத் தலை உண்டு என்று மலாயில் விளக்கினார். கெப்பாலா ஆயிர் என்பார்கள். மலையில் பெய்கிற மழை ஒரே தலையாகத் திரண்டு இறங்கும். கீழே வெயிலடித்தால் அது இன்னும் பொல்லாதது, யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீர் கலங்கினாலோ, சருகு வந்தாலோ, சத்தம் மாறினாலோ, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். போகும்போதே எச்சரித்தேனே, நீர் கும்பிட்டுவிட்டுப் போனீரே என்று நாகையாவைப் பார்த்துச் சிரித்தார். நாகையா இரண்டாம் முறையும் கும்பிட்டார். இம்முறை காரணம் சரியாக இருந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து, காடாற்று இனிக் காலையில் மட்டும்தான், காலை தவறினால் மறுநாள் என்றார். மறுநாளுக்குத் தள்ளுகிற பேச்சே கிடையாது என்று அதுவரை சொல்லிவந்தவரும் அவரேதான். ஆற்றில் இறங்குமுன் பாலத்துக் கடையில் வேனை நிறுத்தி, மலையில் மழையா என்று கேட்க வேண்டும்; கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது; செம்பிலிருந்து மூன்று முறை தலையில் ஊற்றிக்கொண்டால் அதுவே முழுக்கு என்றும் சொன்னார். இவற்றைக்கூட ஏற்றுக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும் என்றதும்தான் சத்தம் எழுந்தது. தெற்கு நோக்கி நிற்பதையும் மாற்றச் சொல்வீர்களா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்.

“மகன் தெக்கயே பாக்கட்டும். நம்மள்ல ஒருத்தர் வடக்க பாக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்” என்றார் நாகையா.

ஏற்பாடு செய்வது எளிதாக இருந்தது. ஆள் கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. இறந்தவரை வழியனுப்ப வந்தவர்கள் அத்தனை பேரும் கலயம் போவதையே பார்க்க விரும்பினார்கள். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்து நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. மாரியாயிதான் முன்வந்தாள். யார் வீட்டுச் சாவானாலும் காடாற்றன்று காலையில் வேனருகே வந்து நிற்பாள். கரையில் ஒரு கல்லின்மேல் வடக்கு நோக்கி உட்கார்ந்தால், கடைசி ஆள் மேடேறும்வரை கழுத்தைத் திருப்ப மாட்டாள். இரண்டு முறை அவள் குரல் கொடுத்திருக்கிறாள். ஒருமுறை வந்தது வெறும் சருகுத் திரள்தான்; சடங்கு பாதியில் நின்றதே என்று வீட்டார் முணுமுணுத்தார்கள். அவள் கவலைப்படவில்லை. இன்னொரு முறை வந்தது ஆற்றின் தலை. அந்த வீட்டார் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆண்டுகள் ஓடின. ஜெயராஜ் பூச்சோங்கில் வீடு வாங்கித் தாயைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். முழங்கால் வலியால் மாரியாயி ஆற்றுக்கு வருவதை நிறுத்தினாள். நாகையா ஓய்வுபெற்ற பிறகும் சங்கத்தை விடவில்லை. கம்பி முறுக்கிய பழைய குடையை ஆணியில் தொங்கவிட்டு, புதுக் குடை ஒன்று வாங்கிக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. பண்டமாரானிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆற்றங்கரையில் பெரிய வாக்குவாதத்தில் இறங்கியிருந்தது. வடக்குப் பார்க்கும் உரிமை தாய்மாமனுக்கா, மூத்த மருமகனுக்கா என்பது வழக்கு. இது பரம்பரைச் சடங்கு, தாய்மாமன் இருக்க மருமகன் எப்படி நிற்கலாம் என்று ஒரு பக்கம். பெண் எடுத்த வீட்டுக்கு அந்த மரியாதைகூட இல்லையா என்று மறுபக்கம். இரு தரப்பும் நாகையாவிடம் வந்தன. அது சாத்திரத்தில் எங்கும் இல்லை, மாரியாயி என்ற மாவரைக்கும் பெண்ணோடு தொடங்கியது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் வடக்கே பார்த்தால் நல்லதுதானே.

“ரெண்டு பேருமே நில்லுங்க” என்றார்.

“என்ன மந்திரம் சொல்லணும் அங்கிள்?” என்று மருமகன் பணிவாகக் கேட்டான்.

“ஒண்ணும் வேணாம். தண்ணி கலங்குதான்னு பாரு. கலங்குனா கத்து.”

மகன் கணுக்கால் நீரில் தெற்கு நோக்கி நின்று, செம்பால் மும்முறை ஊற்றிக்கொண்டு, கலயத்தை விட்டான். ஆறு கூழாங்கல் தெரியத் தெளிவாகவே ஓடியது. அனைவரும் மேடேறிய பின் இறந்தவரின் மனைவி நாகையாவிடம் தயங்கித் தயங்கி வந்தாள். படையல் இலை வைத்த இடத்திலேயே கிடக்கிறதே, தண்ணீர் வந்து எடுத்துக்கொள்ளவில்லையே, அவருக்கு மனக்குறையோ என்று கேட்டாள்.

நாகையா குடையை ஊன்றிக்கொண்டு இலையைப் பார்த்தார். காய்ந்த மணலில், ஓரம்கூட நனையாமல், வைத்தது வைத்தபடி இருந்தது. இரண்டு காக்கைகள் வந்து சோற்றைக் கொத்தத் தொடங்கியிருந்தன.

“நல்லா சாப்பிடுறாரு, பாரும்மா” என்றார் அவர்.